காஞ்சனபுரியில் சத்திரவாசம்

பாங்காக் மாநகரின் மேற்குக் கரையிலுள்ள தொன்புரி ஸ்டேஷனிலிருந்து நாள்தோறும் இரண்டு தடவை புறப்பட்டு, மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளையும் திறந்த ஜன்னல்களையும் தவிர வேறு சௌகரியம் எதையும் பிரயாணிகளுக்கு அளிக்காமல், நெல் வயல்களையும் கரும்புக் கொல்லைகளையும் கடந்து, காஞ்சனபுரி வழியாக நாம் தோக் என்னும் மலையடிவாரம் வரை சென்று திரும்புகிற ரயில் வண்டியில், அந்நிய தேசத்தார் எவ்விடம் ஏறி எவ்விடம் இறங்கினாலும் 100 பாட் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. உள்ளூரார் கொடுப்பது அதில் ஒரு சிறு பகுதியே என்பதை, எதிரே கொய்யாக் கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டியின் டிக்கெட்டைக் கண்டு தெரிந்துகொண்டபோதிலும், எனக்கு அதில் மனஸ்தாபம் ஏதும் உண்டாகவில்லை. ஆமத்தூரில் இருந்துகொண்டு, சிவகாசிச் சாலையிலுள்ள தீப்பெட்டி ஆபீசுகளில் கணக்கெழுதியே தலை நரைத்தவனுக்குக் கட்டணத்தைக் காட்டிலும் ரசீதுதான் முக்கியம். ரசீதை ஒழுங்காகக் கொடுத்தார்கள்.

எங்கள் விருதுநகர், சிவகாசி வட்டாரத்திலிருந்து தாய்லாந்துக்குப் போய் வருவது இன்று அதிசயமான காரியமல்ல. பெயிண்டு, சிமெண்டு, குழாய் முதலிய சாமான்களைச் செய்கிற கம்பெனிகள், கூடுதலாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை வருஷந்தோறும் கூட்டங்கூட்டமாக அழைத்துப் போவதும், அவர்கள் பாங்காக்கில் இரண்டு புத்தர் கோவில்களையும் பட்டாயாவில் கடற்கரையையும் தரிசித்து, அங்கும் சாம்பார் சாதமே சாப்பிட்டு, சுற்றத்தாருக்கெல்லாம் பங்கிடப் போதுமான தைலக் குப்பிகளுடன் ஊர் திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. காஞ்சனபுரி அவர்களுடைய பட்டியலில் அநேகமாய் இடம்பெறுவதில்லை. பெற்றாலும், காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆற்றின் குறுக்கேயுள்ள இரும்பு ரயில் பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிற ஒரு நாள் சமாசாரமாகவே அது முடிந்துவிடுகிறது. நானோ இரவு தங்குவதற்கென்றே போனேன். ஓர் ஊரின் குணம் அதன் பெரிய ஹோட்டலில் தங்குகிறவனுக்குத் தெரிவதில்லை, மலிவான விடுதியில் படுத்தெழுந்தவனுக்கே பிடிபடும் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

ஊர் பழையது. பர்மியச் சேனைகள் மூன்று பகோடாக் கணவாய் வழியாக மலையிறங்கி தாய்லாந்தின் பழைய அயுத்தயா ராஜ்யத்தின்மேல் பாய்ந்த காலங்களில், வழியில் நின்று தடுக்க வேண்டிய எல்லைக் காவல் நகரமாக அது இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் ராமர் என்ற சக்கிரி வம்சத்து அரசர் காலத்தில், இரண்டு ஆறுகள் கூடி மே க்ளோங் என்ற பெயரில் கீழே ஓடுகிற இப்போதைய இடத்துக்கு அதை மாற்றி மதிலும் வாசலும் கட்டினார்கள். அந்தச் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு இங்கே வருகிறவர் சொற்பம். உலகம் இந்த ஊரை அறிந்திருப்பது, இவ்வூர் ரயில் பாலத்தைக் கதைப்பொருளாக்கி 1957 இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போன 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தினால்தான். அந்தப் படத்தையோ இந்தப் பக்கத்தில் ஓர் அடிகூட எடுக்கவில்லை. இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில், களனி கங்கையின்மேல் மரப்பாலம் ஒன்றைக் கட்டி எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து குவாய் நதி எங்கே என்று கேட்ட யாத்திரிகர்களைத் திருப்திப்படுத்துவதற்காக, பாலத்தின் கீழே அதுவரை மே க்ளோங் என்று ஓடிக்கொண்டிருந்த நதிக்கு 1960 வாக்கில் சர்க்காரே குவே யாய் என்று பெயர் சூட்டிவிட்டது. வருகிறவர்களுக்கு வேண்டியதைத் தயாரித்துக் கொடுக்கும் இந்த சாமர்த்தியத்தை விடுதிகளிலும் கண்டேன்.

ஆற்றை ஒட்டிப் போகும் வீதி முழுவதும் விடுதிகளே. குளிர்சாதன அறை, மின்விசிறி அறை, பத்துப் பேர் வரிசையாகப் படுக்கும் கூடம், நீரின்மேல் மிதக்கும் அறை என்று பலவகை உண்டு. வாடகை இறங்க இறங்க ஆறு பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும் என்பது இவ்வூரின் விசித்திரம். கான்கிரீட்டுக் கட்டடங்கள் மேட்டில் நிற்க, ஏழை யாத்திரிகனுக்கு நதியே கிடைத்துவிடுகிறது. எனக்கு 300 பாட்டுக்குக் கிடைத்தது, இரும்புப் பீப்பாய்களின்மேல் பலகை பாவி, ஒட்டுப்பலகையால் நான்கு சுவர் எழுப்பி, மேலே தகரமும் கீற்றும் வேய்ந்த மிதவை அறை. உள்ளே தரையோடு தரையாக ஒரு மெத்தை, இரண்டு இடங்களில் தையல் போட்ட கொசுவலை, ஒரே வேகத்தில் சுற்றத் தெரிந்த மின்விசிறி, பாதரசம் உதிர்ந்த கண்ணாடி. வெளியே, நீரைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி. அறைச் சாவியை முழ நீளக் கட்டை ஒன்றில் கட்டி வைத்திருந்தார்கள். யாரும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காக என்று முதலில் நினைத்தேன். ஆற்றில் தவறி விழுந்தால் மிதப்பதற்காகவுந்தான் என்று அம்மாள் சைகையால் விளக்கினார்.

அம்மாள் என்பது விடுதியின் சொந்தக்காரி. அறுபதைத் தாண்டிய சீன வம்சத்துப் பெண்மணி. வாசலில் சிவப்பு மாடத்தில் பூர்விகர்களுக்கு ஊதுவத்தி, முற்றத்தில் தூண்மேல் வைத்த சிறு வீட்டில் பூமி தேவதைக்குச் சிவப்புச் சர்பத்து என்று இரண்டு வகை உபசாரமும் முடித்த பிறகே விருந்தாளியைத் திரும்பிப் பார்ப்பார். செருப்பைப் படியின் கீழே விடவேண்டும். வாடகையை முன்னதாகக் கொடுக்கவேண்டும். பாஸ்போர்ட்டை அவர் பேத்தி கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்வாள். அந்நியர் யார் தங்கினாலும் ஒரு நாளைக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம் என்பதால், 300 பாட் அறையிலே படுப்பவனுக்கும் சர்க்கார் ஏட்டில் ஒரு வரி உண்டு. என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த அம்மாள், "மலேசியா?" என்று கேட்டார். இந்தியா என்றேன். இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மலேசியா இல்லையா?" என்றார். அந்தக் கேள்வியின் உட்பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

கௌசிகா நதியையும் அர்ச்சுனா நதியையும் பெரும்பாலும் மணலாகவும் சீமைக்கருவேலமாகவுமே பார்த்து வளர்ந்த கரிசல்காட்டுக்காரனுக்கு, ஓடுகிற நீரின்மேல் படுத்துக்கிடப்பது ஒரு தினுசான அனுபவந்தான். மோட்டார்ப் படகு ஒன்று தூரத்தில் கடந்து போகும். அது போய் மறைந்து ஒரு நிமிஷம் கழித்து அதன் அலை வந்து சேர்ந்ததும், அறை முழுவதும் மெல்ல ஏறி இறங்க, தொங்கிக்கொண்டிருக்கும் பல்பின் நிழல் கொசுவலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வரும். ஆகாயத் தாமரைக் கூட்டங்கள் இரவும் பகலும் நகர்ந்துகொண்டே இருக்கும். உடும்பைப்போல், ஆனால் அதைவிடப் பெரியதாய் ஒரு ஜந்து, பலகைக்கு அடியிலிருந்து நீந்திப் புறப்பட்டு எதிர்க்கரைக்குப் போயிற்று. அது தினமும் போகிற பாதை போலும், அங்கே யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. இந்த சுகத்துக்கெல்லாம் சனிக்கிழமை இரவு ஒரு முடிவு உண்டு. பாட்டு மேடையும் வர்ண விளக்கும் வைத்த பெரிய தெப்பங்களில் பாங்காக்கிலிருந்து வந்த ஆபீஸ் சிப்பந்திகளை ஏற்றி, படகால் இழுத்துக்கொண்டு, நள்ளிரவு வரை ஆற்றில் மேலும் கீழும் போய்வருவார்கள். ஒலிபெருக்கி விஷயத்தில் நம் ஊர்ப் பொங்கல் விழாவுக்கு அவர்கள் சற்றும் இளைத்தவர்களல்லர்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வள்ளைக்கீரையைப் பூண்டும் மிளகாயும் தட்டிப்போட்டு எரியும் வாணலியில் ஒரு பிரட்டுப் பிரட்டிச் சோற்றின்மேல் கொட்டுவார்கள். மீன் சாறு வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அதன் வாசனை மறுநாள் வரை கூட வரும். இரவில் வீதிமுனையில் தள்ளுவண்டி ஒன்றில் முஸ்லிம் வாலிபர் ஒருவர் ரொட்டி போடுகிறார். மாவை வீசி விரிக்கிற கைவேலை அச்சாக நம்முடையது. விருதுநகரில் அதை எண்ணெயில் பொரித்துச் சால்னாவில் தோய்க்கிறோம். அவர்களோ உள்ளே வாழைப்பழத்தை நறுக்கிப்போட்டு மடித்து, மேலே டின் பாலைக் கோலமிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அதை ஆகாரமென்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

விடுதியின் கூடத்தில், சுற்றுலாக்களின் விலைப்பட்டியலைப் பெரிய பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஏராவன் அருவி, யானைக் குளிப்பு, மூங்கில் தெப்பம், மரண ரயில், நரகத்தீக் கணவாய், மதிய உணவு உள்பட இவ்வளவு என்று கண்டிருந்தது. மரண ரயிலும் மதிய உணவும் ஒரே வரியில் வருவதைக் கண்டு நமக்குத் துணுக்கென்றிருக்கிறது. நாள்தோறும் அதைப் பார்க்கிறவர்களுக்கு அப்படி இராது. பட்டாசுப் பெட்டிகளின்மேல் அச்சிட்ட சிரிக்கும் குழந்தைகளின் படத்தைப் பார்த்து எங்கள் வட்டாரத்தில் யாருக்குத் துணுக்கென்றிருக்கிறது?

பக்கத்து அறையில் ஹாலந்து தேசத்தவர் ஒருவர் தங்கியிருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தம் தாயாருடைய மூத்த சகோதரரின் கல்லறையைப் பார்க்க வந்தவர் அவர். கையில் ஒரு காகிதம். அதில் பகுதி, வரிசை, எண் மூன்றும் குறித்திருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜாவாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, இங்கே ரயில்பாதை வேலையில் இறந்துபோன ஒருவரை, எண்பது வருஷங்களுக்குப் பிறகு, பார்த்தே இராத மருமகன் ஒருவர் நேரே போய் நிற்கும்படியாக ஒரு காகிதம் வழிகாட்டுகிறது! அவருடன் நானும் போனேன். ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறமாகச் சற்று நடந்தால் யுத்தக் கல்லறைத் தோட்டம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளாக 6,982 பேர் அங்கே கிடக்கிறார்கள். வெட்டிவிட்ட புல்வெளியில், முழங்கால் உயரங்கூட இல்லாத கற்கள் வரிசை பிசகாமல் நிற்க, ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெண்கலத் தகடு. தகட்டில் படைப்பிரிவின் முத்திரை, எண், பெயர், இறந்த தேதி, வயது, சிலவற்றில் வீட்டார் சொல்லியனுப்பிய ஒரு வாசகம். வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் இருபத்திரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தொன்று என்று வரும். காலராவில் இறந்து மொத்தமாக எரிக்கப்பட்ட முந்நூறு பேருடைய சாம்பலை இரண்டே குழிகளில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்களையுங்கூட விட்டுவிடாமல் மண்டபத்துச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். தாய்லாந்தின் முஸ்லிம் மயானங்களில் புதைக்கப்பட்ட பிரிக்கப்படாத இந்தியாவின் சிப்பாய்கள் பதினொருவர் பெயரும் வாசல் கட்டடத்தில் உண்டு. டச்சுக்காரர் தம் மாமனின் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்து, கூடவே கொண்டுவந்திருந்த சிறு பூங்கொத்தை வைத்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் நின்றார். தோட்டக்காரர்கள் பக்கத்து வரிசையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மரண ரயில் என்று பெயரெடுத்த அந்த ரயில்பாதையின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பர்மாவிலிருந்த தங்கள் சேனைக்குக் கடல்வழியாகச் சாமான் அனுப்புவது அபாயமாகிவிடவே, ஜப்பானியர் சயாம் என்று வழங்கிய தாய்லாந்திலுள்ள நோங் பிளாதுக் என்ற இடத்திலிருந்து பர்மாவில் தான்பியூசயாத் வரை, காட்டையும் மலையையும் குடைந்து, 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போடத் துணிந்தார்கள். 1942 ஜூனில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 ஆம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளங்களும் கோன்குய்த்தா அருகில் வந்து கூடின. இதற்காக வேலை வாங்கப்பட்ட யுத்தக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர். இறந்தவர் 12,000 க்கு மேல். சினிமாவும் நாவலும் இவர்களோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கைதிகளைவிட மூன்று பங்கு தொகையினராக அதே பாதையில் மண் சுமந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர். மலாயாவிலிருந்து போனவர் மட்டுமே 70,000 க்கு மேல்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். யுத்தத்தினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற்போன சமயம் அது. நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை, குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்று ஆசை காட்டியும், ஆசை காட்டிப் பலிக்காத இடங்களில் பிடித்து லாரியில் ஏற்றியும், அடைசலான சாமான் வண்டிகளில் பான் போங்கில் கொண்டுவந்து தள்ளினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் கால்நடை.

கைதிகள் பட்ட கஷ்டத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அவர்களும் அதே பட்டினியில், அதே மழையில், அதே மூங்கில் தடியடியில் மாண்டவர்களே. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கணக்கெழுதிப் பிழைத்தவன் கண்ணுக்கு அது உடனே தெரிகிறது. கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் கூட இருந்தார்கள். மருந்தில்லாவிட்டாலும் டாக்டர்கள் கூட இருந்தார்கள். யார் எந்த முகாமில் எந்தத் தேதியில் என்ன நோயில் இறந்தான், எந்த மரத்தடியில் புதைத்தோம் என்பதை, அகப்பட்டால் தலை போகும் என்று தெரிந்தும், துண்டுக் காகிதங்களில் ரகசியமாக எழுதி, குப்பியில் அடைத்துப் புதைத்து வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தக் காகிதங்களைக் கொண்டுதான் எலும்புகளைத் தேடியெடுத்து இந்தத் தோட்டத்தில் சேர்த்தார்கள். தமிழனுக்கோ, தோட்டத்தில் இருந்தவரை கங்காணி காலையில் கூப்பிட்டுச் சரிபார்த்த செக்ரோலில் ஒரு பெயர் இருந்தது. சயாமுக்கு வந்தபிறகு அதுவும் இல்லை. 1943 இன் மழைக்காலத்தில் காலரா கண்டபோது, தொழிலாளர் கொட்டகைகளில் வைத்தியன் இல்லை, கொதிக்கவைத்த நீர் இல்லை, உயிரோடு இருந்தவர்களுக்கே பிணங்களைக் குழியில் இழுத்துப்போட ஜீவன் இல்லை. எழுதுவதற்கு யார் இருந்தார்கள்? ஆகவேதான் ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் 90,000 என்று ஒருவர் சொல்ல, அதற்கும் மேலே என்று மற்றொருவர் சொல்ல, ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு இன்றுவரை ஒட்டாமல் நிற்கிறது. ஏழாயிரம் என்றால் 6,982 என்று கடைசி எண் வரை சொல்ல முடிகிறது. தொண்ணூறாயிரம் என்னும்போது ஆயிரக்கணக்கில் கூட்டியோ குறைத்தோ பேசிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. தப்பிப் பிழைத்து மலாயாவுக்கு மீண்டவர்கள் வாய்மொழியாகச் சொன்னவற்றைக் கொண்டு மலேசியத் தமிழில் சில நாவல்கள் உண்டாயின, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நம் ஊர் நூல்நிலையங்களில் அவற்றைக் காண்பது துர்லபம்.

நான் தங்கியிருந்தது நவம்பர் மாதக் கடைசி. நேச நாட்டு விமானங்கள் 1944 நவம்பரிலிருந்து பாலத்தைக் குண்டுபோட்டுத் தாக்கியதன் ஞாபகார்த்தமாக, அந்தச் சமயத்தில் வருஷந்தோறும் பாலத்தருகே ஒரு வாரத்துக்குமேல் விழா நடக்கிறது. விடுதி வாடகைகளும் சற்று ஏறிவிடுகின்றன. இரவானதும் நாற்காலி போட்ட மைதானத்தில் ஒலியும் ஒளியுமாக ஒரு காட்சி: ஒலிபெருக்கியில் கதை, பாலத்தின்மேல் ரயில், விமான இரைச்சல், அப்புறம் குண்டுவீச்சு. குண்டுவீச்சைப் பட்டாசுகளால் காட்டுகிறார்கள். டிக்கெட் வாங்காமல் என் மிதவையின் நாற்காலியிலிருந்தே நான் அதைக் கேட்டேன். ஆற்றின் வளைவுக்கு மேலே வெளிச்சமும் தெரிந்தது. பச்சை எழுந்தால் பேரியம், சிவப்பு எழுந்தால் ஸ்ட்ரான்ஷியம், வெள்ளைக்கு அலுமினியம் என்று தானாகவே வாய் முணுமுணுத்தது. சரக்கு நல்ல சரக்குத்தான். ஒன்றும் பிசகாமல் உயரப் போய் வெடித்தது. பக்கத்து மிதவைகளில் கை தட்டினார்கள்.

எனக்குக் கை தட்ட வரவில்லை. பட்டாசுச் சத்தம் எங்களுக்கு வேறு வகையில் பழகியது. எதிர்பாராத வேளையில், தூரத்தில் ஒரு பெருஞ்சத்தம் கேட்டால், எங்கள் ஊர்ப் பெண்கள் செய்கிற முதல் காரியம், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்பது. இரண்டாவது காரியம், அந்தத் திசைக்கு அன்று வேலைக்குப் போனவர் யார் யார் என்று பெயர் பெயராகச் சொல்லிப் பார்ப்பது. 2012 செப்டம்பர் 5 ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. விபத்து நடந்த இடங்களில் எல்லாம் முதலில் எழும் தகராறு ஒன்று உண்டு: செத்தவன் பதிவேட்டில் இருந்தானா, இல்லையா? ஏட்டில் பெயரிருந்தால் நஷ்ட ஈட்டுக்கு வழி பிறக்கும். யாரோ அழைத்து வந்த கூலியாள், பெயரெழுதவில்லை என்றால், குடும்பத்தார் அலைய வேண்டியதுதான். மஸ்டர் ரோலில் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் கணக்குப்பிள்ளையின் பேனாவிலுள்ள ஒரு சொட்டு மை. அந்த மையின் விலை என்ன என்பதைக் காஞ்சனபுரியில், கல்லறைத் தோட்டத்துக்கும் காட்டுக்குழிகளுக்கும் நடுவே நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மறுநாள் காலை அம்மாளிடம், தமிழருக்கு இந்த ஊரில் ஏதாவது அடையாளம் உண்டா என்று, பேத்தியின் கைத்தொலைபேசியை நடுவே வைத்துக் கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "மலேசியாவிலிருந்து வருகிறார்களே, அவர்கள் போகிற கோவிலா?" என்றார். வியட்நாமியர் கட்டிய பௌத்தக் கோவில் அது. வாட் தாவோன் வராராம் என்று பெயர். கல்லறைத் தோட்டத்திலிருந்து தூரமில்லை. மலேசியத் தமிழர் சிலர் தாத்தாவையோ தாத்தாவின் தம்பியையோ எண்ணிக்கொண்டு அங்கே வந்து ஊதுவத்தி வைத்துவிட்டுப் போவதுண்டு என்றும், வருகிறவர் முகம் என் முகத்தைப் போலிருக்கும் என்றும் சொன்னார். முதல் நாள் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கிற்று.

ஆசியத் தொழிலாளரின் எலும்புகளைத் திரட்டி வைத்து, அவர்களுக்கென்று எழுப்பிய ஸ்தூபி ஒன்று அந்தக் கோவில் வளாகத்தில் இருக்கிறது. தாய்லாந்தில் வாழும் தமிழர்கள் முயன்று, 2023 இல் அங்கேயே நம் முறைப்படி நடுகல் ஒன்றையும் நாட்டியிருக்கிறார்கள். களத்தில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் எழுதிய மரபு நம்முடையது. இந்தக் கல்லோ எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. என்ன செய்வது, பெயர்கள் இல்லையே. நான் போனபோது வேறு யாத்திரிகர் எவரும் இல்லை. பிக்ஷு ஒருவர் இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்; நான் நின்ற இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனார்.

இதற்கு வெகுகாலம் முன்பே இவ்வூரில் நம் மக்களுக்காகத் தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டியவர் யார் தெரியுமா? ஜப்பானியரே! பாதை முடிந்த மறு வருஷம், 1944 இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, வேலையில் மாண்டவர்களின் ஆத்ம சாந்திக்காக என்று பாலத்துக்குச் சமீபத்தில் அவர்கள் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். அதில் பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. கொன்றவனுக்குத் தோன்றியது, தோட்ட முதலாளிகளுக்கும் தோன்றவில்லை, யுத்தத்தில் ஜயித்து மலாயாவுக்குத் திரும்பி வந்த துரைத்தனத்தாருக்கும் தோன்றவில்லை, சுதந்திரமடைந்த நமக்கும் வெகுநாள் வரை தோன்றவில்லை. அந்தத் தமிழைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று கேட்டால், வெட்கந்தான் வந்தது என்று சொல்லவேண்டும்.

நாம் தோக் வரை போகும் வண்டியிலும் ஒரு தடவை போய்வந்தேன். யுத்தத்துக்குப் பிறகு தாய்லாந்து சர்க்கார் பாதையை விலைக்கு வாங்கி, காஞ்சனபுரி வரை 1949 இலும், நாம் தோக் வரை 1958 இலும் திறந்து ஓட்டுகிறார்கள். அதற்கப்பால் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். தாம் க்ராசே என்ற இடத்தில், ஒரு பக்கம் செங்குத்தான பாறையும் மறு பக்கம் ஆறுமாக, மரத்தூண்களின்மேல் கட்டிய பாதையில் வண்டி நடந்தே போகிறது. எல்லோரும் ஆற்றின் பக்கத்து ஜன்னல்களுக்குப் பாய்ந்து படம் எடுக்கிறார்கள். பாறையின் பக்கத்து ஜன்னலில் இருந்து பார்த்தால், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், உளியும் வெடியும் தின்ற கல் நகர்ந்துகொண்டே போகிறது. வெடிவைத்துப் பிளந்த கல் எப்படியிருக்கும் என்பதை எங்கள் பக்கத்துக் கல்குவாரிகளில் பார்த்திருக்கிறேன். கையால் அடித்த உளியின் தடத்தை இத்தனை நீளத்துக்கு எங்கும் பார்த்ததில்லை.

தாய்லாந்துக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. தொன்புரியில் காலை வண்டியைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் காஞ்சனபுரி. கல்லறைத் தோட்டத்துக்கும் வாட் தாவோன் வராராமுக்கும் நடந்தே போகலாம். இரண்டிலும் கட்டணம் ஏதுமில்லை. இரவு தங்க ஆற்றின்மேல் அறை கிடைக்கும். சனிக்கிழமையைத் தவிர்த்துக்கொள்வது நல்லது. போக வசதியில்லாதவர்களுக்கும் ஒரு காரியம் இருக்கிறது. முன்னாளில் நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணியோடு கப்பலேறி மலாயாவுக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரைப்பற்றி உங்கள் வீட்டுக் கிழவர் கிழவி எவருக்கேனும் ஞாபகம் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே, அவர் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும், தெரிந்தால் தோட்டத்தின் பெயரையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.